செராமிக் பூச்சுப் பாத்திரம் நீடித்து உழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாங்கிய புதிதில் முட்டை வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெயே தேவையில்லை போலிருக்கும். ஆறேழு மாதம் போனால் அதே தவாவில் தோசை நடுவில் பிடித்துக்கொள்ளும், ஆம்லெட்டைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். "செராமிக்கே ஏமாற்று வேலை" என்று சொல்லிப் பாத்திரத்தைப் பரணில் போட்டுவிடுவோம். இப்படிப் பரணேறிய பாத்திரத்தை இறக்கி வெளிச்சத்தில் பாருங்கள். பல நேரம் பூச்சு உரிந்திருக்காது, பெரிய கீறலும் இருக்காது. அதைக் கெடுத்தது அளவுக்கு மீறிய சூடும், அந்தச் சூட்டில் படிந்து இறுகிய எண்ணெயும்தான். முதலாவதைத் தடுக்கலாம். இரண்டாவதைத் தடுக்கவும் செய்யலாம், ஓரளவு சரிசெய்யவும் செய்யலாம்.

கையில் இருப்பது என்ன பூச்சு?

செராமிக் தவா என்று நாம் சொல்வது உள்ளே பெரும்பாலும் அலுமினியம்தான். அதன் மேல் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவத்தைத் தெளித்து, சில நூறு டிகிரி சூட்டில் இறுக வைக்கிறார்கள். இதற்கு சோல்-ஜெல் முறை என்று பெயர். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே சிலிக்காதான். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கடினமானதுதான், ஆனால் அடிபட்டால் சில்லு சில்லாகப் பெயரும்.

உணவை ஒட்டவிடாமல் செய்வது சிலிக்கா மட்டுமல்ல. பூச்சோடு கலந்திருக்கும் சிலிக்கோன் வகைப் பொருள்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதிகச் சூட்டில் முதலில் போவது அவைதான். பூச்சு அப்படியே இருக்கும், பளபளப்பும் இருக்கும், தோசை மட்டும் ஒட்டும். பெட்டியின் மேல் "400 டிகிரி தாங்கும்", "450 டிகிரி தாங்கும்" என்று போட்டிருப்பதை நம்பி அடுப்பை முழுதாகத் திறந்துவிடுகிறவர்கள் நிறைய. அந்தச் சூட்டிலும் பூச்சு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒட்டாத தன்மையும் அந்தச் சூட்டில் நிலைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

டெஃப்லான் வகை வேறு. அதன் மூலப்பொருளான பி.டி.எஃப்.இ. 1938-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது மென்மையானது, எளிதில் கீறும், 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். அதன் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள் மீது அச்சம் கிளம்பிய பிறகு மக்கள் மாற்றுத் தேட ஆரம்பித்தார்கள். 2007-ல் பெல்ஜியத்தின் கிரீன்பேன் நிறுவனம் செராமிக் பூச்சோடு வாணலிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பாத்திரக் கடைக்குப் போனால் செராமிக், கிரானைட், மார்பிள் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். புள்ளி புள்ளியாகக் கல் போலத் தெரியும் கிரானைட் வகைகளில் பல, உண்மையில் பி.டி.எஃப்.இ. பூச்சுதான். "பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது" என்று மட்டும் போட்டிருந்தால் அது செராமிக் என்று ஆகிவிடாது. "பி.டி.எஃப்.இ. இல்லாதது" என்றும் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள்

அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முழுதாக எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் திரவம் விட்டுக் கழுவி, துணியால் துடையுங்கள். நாலைந்து சொட்டு எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சமையலைத் தொடங்கலாம். புது இரும்புக் கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிப் புகைய விடும் வேலை இதற்கு வேண்டாம். இரும்புக்கு உயிர் கொடுக்கும் அந்த எண்ணெய்ப் படலம்தான் செராமிக்குக்கு எமன்.

சூடு: ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். செராமிக் பாத்திரத்தைக் குறைந்த தீயிலும் நடுத்தரத் தீயிலும் மட்டுமே வையுங்கள். அலுமினியம் சூட்டை வேகமாகப் பரப்பும். எவர்சில்வர் வாணலிக்கு வைக்கும் தீ இதற்குத் தேவையே இல்லை.

கேஸ் அடுப்பில் சின்ன பர்னரைப் பயன்படுத்துங்கள். தீ நாக்கு பாத்திரத்தின் அடியைத் தாண்டி ஓரத்தில் ஏறக்கூடாது. ஏறினால் ஓரச் சுவரில் உள்ள பூச்சு எந்த உணவும் எண்ணெயும் இல்லாமல் சும்மா வெந்துகொண்டிருக்கும். வெளிப்பக்கம் பழுப்பேறுவதும் இதனால்தான்.

வெறும் பாத்திரத்தைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகாதீர்கள். ஆளில்லாத அந்தச் சில நிமிடங்களில் தவா 300 டிகிரியைத் தொட்டுவிடலாம். எல்லாவற்றையும் நறுக்கிக் கையருகில் வைத்துக்கொண்டு, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். குறைந்த தீயில் ஒன்றரை, இரண்டு நிமிடம் காய்ந்தால் போதும். ஈரக் கையிலிருந்து ஒரே ஒரு துளி தண்ணீரை விட்டுப் பாருங்கள். சுர்ரென்று இரண்டு மூன்று நொடியில் காய்ந்தால் பதம். துளி வற்றாமல் பாதரசம் போல உருண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தால் சூடு மீறிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு துளி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தோசைக் கல் அதிகம் காய்ந்துவிட்டால் ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்து, "சொய்ங்" என்று ஆவி கிளம்ப, துணியால் துடைத்துவிட்டு மாவை ஊற்றுவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். இரும்புக் கல் அதைத் தாங்கும். செராமிக் தாங்காது. அலுமினியம் சூட்டில் விரியும் அளவு சாதாரணக் கண்ணாடி விரிவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தண்ணீர் பட்டதும் அடியிலிருக்கும் உலோகம் சடாரென்று சுருங்கும். மேலே இருக்கும் கண்ணாடித் தன்மையுள்ள பூச்சு அந்த வேகத்துக்குச் சுருங்காது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகளில் எண்ணெயும் மாவும் போய் உட்காரும். தவாவின் அடி வளைந்து நடுப்பகுதி மேடாவதும் இதனால்தான். எண்ணெய் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கே ஓடுகிறது என்றால் தவா வளைந்திருக்கிறது. தவா காய்ந்துவிட்டால் தீயைக் குறைத்து, அடுப்பிலிருந்து அரை நிமிடம் தூக்கிப் பிடித்தால் போதும். தண்ணீர் வேண்டாம்.

இண்டக்ஷன் அடுப்பில் இன்னும் கவனம் தேவை. கம்பிச்சுருள் இருக்கும் வட்டத்தில் மட்டும் சூடு வேகமாக ஏறும். ஆன் செய்ததும் திரையில் என்ன வாட் காட்டுகிறது என்று பாருங்கள். 600, 800 வாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். "தோசை", "ஃப்ரை" போன்ற பொத்தான்களை அமுக்கிவிட்டு நம்பி இருக்க வேண்டாம். தவாவின் நடுவில் மட்டும் வட்டமாகப் பழுப்பு நிறம் தெரிந்தால் வாட் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெயும் தோசையும்

செராமிக் தவாவில் தோசை வார்க்கிறவர்கள் ஒரு தோசையை எடுத்த உடனே தவாவை உற்றுப் பார்க்க வேண்டும். தோசை இருந்த இடம் சுத்தமாக இருக்கும். அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு வளையம் இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். நாம் ஓரத்தில் சுற்றி விட்ட நல்லெண்ணெய் அது. மாவு இருக்கும் இடத்தில் ஈரப்பதம் சூட்டைக் கட்டுப்படுத்தும். மாவு இல்லாத ஓரத்தில் எண்ணெய் மட்டும் தனியாகக் கிடந்து வேகும். மெல்லிய படலமாகக் கிடக்கும் எண்ணெய் சூட்டில் பிசினாக மாறி, பிறகு வார்னிஷ் போல இறுகிவிடும். இரண்டு வாரத்தில் அந்த வளையம் உள்நோக்கி வளரும். அடுத்த தோசை ஒட்டுவது இந்த வார்னிஷில்தான். பூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி, எண்ணெயை ஓரத்தில் விடாமல் தோசையின் மேல் விடுவது. முதல் தோசைக்கு முன் நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு முறை தேய்த்தால் போதும், ஒவ்வொரு தோசைக்கும் தேய்க்க வேண்டாம். நாலு தோசைக்கு ஒருமுறை ஓரத்தை உலர்ந்த பருத்தித் துணியால் சுற்றித் துடைத்து எடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் 225 டிகிரியை ஒட்டித் தாங்கும். ஆனால் சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். கசடு இல்லாமல் நன்றாக உருக்கி வடிகட்டிய நெய் 250 டிகிரி வரை தாங்கும், பிசினாவதும் மெதுவாகத்தான். செராமிக்குக்கு என் முதல் தேர்வு நெய். நல்லெண்ணெய் வாசம் இல்லாமல் தோசை இறங்காது என்பவர்கள் தீயைக் குறைத்து, மேலே விட்டுச் சுடுங்கள். அப்புறம், டப்பாவில் அடைத்து வரும் ஸ்ப்ரே எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இருக்கும் லெசித்தின் ஒருமுறை படிந்தால் எளிதில் போகாது.

எதைச் சமைக்கலாம், எதற்கு இரும்பை எடுக்கலாம்

முட்டை, பனீர், வெண்டைக்காய்ப் பொரியல், உப்புமா, கேசரி, மீந்துபோன சாதத்தைச் சூடாக்குவது: இவற்றுக்கெல்லாம் செராமிக் அருமையானது. கேசரி கிளறும்போது ரவை அடிப்பிடிக்காமல் திரண்டு வருவதைப் பார்த்தால் இதற்காகவே ஒன்று வாங்கலாம் என்று தோன்றும்.

வறுப்பது, பொரிப்பது இரண்டுக்கும் வேண்டாம். சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் எண்ணெயில்லாமல் நெடுநேரம் வறுபடும்போது பாத்திரத்தின் சூடு ஏறிக்கொண்டே போகும். வடை, பஜ்ஜி பொரித்தால் சுவரில் தெறிக்கும் எண்ணெய் அங்கேயே இறுகும். சப்பாத்தி சுடும்போது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வெறும் தவா காய்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு இரும்பு வாணலியும் இரும்புக் கல்லும் இருக்கின்றன.

தாளிப்பதில் ஒரு சின்ன மாற்றம் செய்துகொள்ளுங்கள். கடுகு வெடிக்க எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், பலர் புகை வரும் வரை விடுவார்கள். பொரியலைச் செராமிக் சட்டியில் எண்ணெயில்லாமல் வேகவைத்து, தாளிப்பை மட்டும் சின்னத் தாளிப்புக் கரண்டியில் தனியாகச் செய்து மேலே கொட்டுங்கள். ருசி குறையாது.

புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு செய்யலாம். ஆனால் மிச்சத்தை இரவு முழுவதும் அதிலேயே வைக்க வேண்டாம். எங்காவது கீறல் இருந்தால் புளிப்பும் உப்பும் உள்ளே இறங்கி அலுமினியத்தை அரிக்கும். பிறகு அந்த இடத்தில் பூச்சு அடியிலிருந்தே கிளம்பும்.

கரண்டி

மரம் அல்லது சிலிக்கோன். "மெட்டல் கரண்டியும் போடலாம்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் போடாதீர்கள். தோசை மாவைப் பரப்பும் எவர்சில்வர் கரண்டியின் அடிப்பாகத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தினமும் பத்துத் தோசைக்கு அது வட்டமாகத் தேய்க்கிறது. அடி வழவழப்பான மரக் கரண்டி அல்லது சின்ன மரக் கிண்ணம் வைத்துப் பரப்புங்கள். வாணலியின் விளிம்பில் கரண்டியைத் தட்டி உதறும் பழக்கமும் கூடாது, பூச்சு முதலில் சில்லுபெயர்வது விளிம்பில்தான். கீரையை அதிலேயே மத்தால் கடைவதும் வேண்டாம், அதற்கு மண்சட்டி இருக்கிறது.

கழுவுவது

சமைத்து முடித்ததும் பாத்திரம் தானாக ஆறட்டும். குழாயடியில் சூடாகக் காட்டாதீர்கள், காரணத்தை மேலேயே பார்த்தோம். கை பொறுக்கும் அளவுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மிருதுவான ஸ்பாஞ்சில் சோப்புத் திரவம் தொட்டு, வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒட்டவில்லையே என்று வெறும் துணியால் துடைத்துவிட்டு அடுக்கில் வைப்பது தவறு. சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் அன்றைய எண்ணெய்ப் படலம் மறுநாள் சூட்டில் இறுகும், அதன் மேல் இன்னொரு படலம் ஏறும். கழுவிய பின் விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று எண்ணெய்ப் பசை தெரிந்தால் இன்னொரு முறை சோப்புப் போட வேண்டும்.

கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், விளக்கும் பவுடர், சாம்பல் எதுவும் கிட்டவே வரக்கூடாது. பச்சை ஸ்க்ரப்பர்களில் அலுமினியம் ஆக்சைடு போன்ற உராய்வுத் துகள்கள் இருக்கும், சிலிக்காவையே தேய்க்கக்கூடியவை. நன்றாக ஊறிய பீர்க்கங்காய் நார் பரவாயில்லை, உலர்ந்திருந்தால் வேண்டாம். பாத்திரம் கழுவும் எந்திரத்திலும் போடாதீர்கள். அதற்கான சோப்பு கடும் காரத்தன்மை உள்ளது, காரம் சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

வீட்டில் பாத்திரம் தேய்க்க அக்கா வருகிறார்கள் என்றால் செராமிக்கைத் தொட்டிக் குவியலில் போடாதீர்கள். குக்கர் மூடியும் கரண்டிகளும் அதன் மேல் விழும். அவசரத்தில் கையில் இருக்கும் கம்பி நாரே அதற்கும் போகும். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஒன்றிரண்டை நாமே கழுவி எடுத்து வைத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கழுவியதும் துடைத்துவிடுங்கள். தானாக உலர விட்டால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு நிற்கும். அதிலும் உணவு ஒட்டும். கைப்பிடித் திருகுகளைச் சுற்றியுள்ள பிசுக்கைப் பழைய மிருதுவான பல் துலக்கியால் எடுக்கலாம்.

ஒட்ட ஆரம்பித்துவிட்டதா? தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

பூச்சு பெயராமல், பழுப்புக் கறையும் ஒட்டலும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெய்ப் படலம்தான். கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, சில சொட்டு சோப்புத் திரவம் விட்டு, குறைந்த தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தானாக ஆறிய பிறகு கொட்டிவிட்டு மிருதுவான ஸ்பாஞ்சால் தேயுங்கள். பிசின் இளம் பருவத்தில் இருந்தால் இதிலேயே போய்விடும்.

2. போகாவிட்டால், இரண்டு கரண்டி சமையல் சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்துக் கறையின் மேல் தடவுங்கள். இருபது நிமிடம் கழித்து ஈரத்துணியால் வட்டமாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சோடாத் துகள் மென்மையானது, பூச்சைக் கீறாது. துணி பழுப்பாகிக்கொண்டே வரும், அது இறங்கும் வரை தொடருங்கள்.

3. அதற்கும் மிஞ்சினால் மெலமைன் ஸ்பாஞ்ச். வெள்ளைக் கட்டியாக, ரப்பர் போல விற்கிறார்கள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து லேசாகத் தேய்த்தால் பழைய வார்னிஷ்கூட வரும். இதுவும் உராய்வுப் பொருள்தான், ஆகையால் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

4. வெள்ளைச் சுண்ணாம்புப் படிவுக்குச் சோடா உதவாது. வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்தோ, எலுமிச்சைச் சாறு தடவியோ பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க வைக்கும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும், கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகவே பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்து துடைத்த பிறகு, குறைந்த தீயில் அரைக் கரண்டி நெய் விட்டு ஒரு முட்டையை ஊற்றிப் பாருங்கள். ஓரம் வெந்ததும் பாத்திரத்தை லேசாக ஆட்டினால் முட்டை நகர வேண்டும். நகர்ந்தால் பாத்திரம் திரும்ப வந்துவிட்டது. பூச்சு சுத்தமாகத் தெரிந்தும் ஒட்டினால் உள்ளிருந்த ஒட்டாத தன்மை சூட்டில் போய்விட்டது என்று பொருள். அதை எந்தச் சோடாவும் மீட்டுத் தராது.

அடுக்கி வைப்பது

ஒன்றுக்குள் ஒன்று வைப்பதாக இருந்தால் நடுவில் பழைய பருத்தித் துணியோ இரண்டு தாள் செய்தித்தாளோ போடுங்கள். இடம் இருந்தால் ஆணியில் மாட்டுவது மேல்.

எப்போது மாற்றுவது

நன்றாகப் பராமரித்தாலும் தினசரி உபயோகத்தில் செராமிக் பூச்சின் வழுக்கல் ஓரிரு வருடங்களில் குறையத்தான் செய்யும். பத்து வருடம் வரும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். வழுக்கல் மட்டும் போய்ப் பூச்சு முழுதாக இருந்தால் கூட்டு, காய் வேகவைத்தல், பால் காய்ச்சுதல் என்று தண்ணீர் சேரும் வேலைகளுக்கு இன்னும் பல மாதம் ஓட்டலாம். சில்லுபெயர்ந்து அலுமினியம் வெளியே தெரிந்தால் சமையலுக்கு வேண்டாம், முக்கியமாகப் புளி, தக்காளி சேரும் எதற்கும் வேண்டாம். கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள், அலுமினியத்துக்கு விலை உண்டு.

அடுத்தது வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். அடி கனமாக இருப்பதையே எடுங்கள். கனமான அடி சூட்டைச் சமமாகப் பரப்பும், எளிதில் வளையாது. விலை அதிகமான ஒரே பெரிய செட்டுக்குப் பதிலாக, நடுத்தர அளவில் ஒரே ஒரு செராமிக் தவா வாங்கி முட்டைக்கும் பனீருக்கும் வைத்துக்கொண்டு, தினசரித் தோசைக்கும் சப்பாத்திக்கும் இரும்புக் கல்லை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.